ஓடாத பேருந்துக்குக் கட்டணம்: பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கல்லூரிகள்

காரைக்குடி, கல்லூரிக் கணக்கர்

2020 ஆகஸ்டில் எங்கள் அலுவலகச் சன்னலுக்கு வந்த ஒரு தந்தையின் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அவர் கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். அந்தப் பங்குனி தொடங்கி நம் பக்கத்தில் பெரிய பந்தி எதுவும் நடக்கவில்லை என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். உதவிபெறாத தனியார் நிறுவனங்கள் முந்தைய ஆண்டுக் கல்விக் கட்டணத்தில் 40 விழுக்காட்டை ஆகஸ்ட் 31க்குள் முன்பணமாகவும், மேலும் 35 விழுக்காட்டை நிறுவனம் திறந்த இரண்டு மாதங்களுக்குள்ளும் வாங்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூலையில் உத்தரவிட்டிருந்தது. எங்கள் கட்டணச் சீட்டு பழைய படிவத்திலேயே அச்சாகி வந்ததால், அதில் பேருந்துக் கட்டணமும் ஒரு வரியாக இருந்தது. அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"பஸ்ஸே ஓடலையே சார், இதை நான் எதுக்குக் கட்டணும்?"

பேருந்துக் கடனுக்கு ரிசர்வ் வங்கி கொடுத்த சலுகை தவணையைத் தள்ளிப்போட்டதே தவிர வட்டியை நிறுத்தவில்லை என்றும், காப்பீடும் ஓட்டுநர் சம்பளமும் வண்டி நின்றாலும் நிற்பதில்லை என்றும் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். பாதி கொடுக்கிறோம் என்றேன். துணிப்பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட நோட்டுகளை எடுத்துக் கல்விக் கட்டணத்தை மட்டும் எண்ணி வைத்தார். "டிரைவருக்குன்னா பஸ் காசை அடுத்த மாசம் தாரேன் சார். பேங்குக்குன்னா தரமாட்டேன்" என்றார்.

அடுத்த வாரமே செயலாளர் அந்த வரியை நீக்கச் சொல்லிவிட்டார். அதைத் தெரிவிக்க அந்தத் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தபோது, மகிழ்ச்சியோ நன்றியோ சொல்லவில்லை. "அப்ப டிரைவருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

புதுவயல், சுயநிதிப் பிரிவு விரிவுரையாளர்

கணக்கர் ஐயா, உங்கள் ஓட்டுநருக்குப் பாதியாவது கிடைத்தது. நான் வேலை பார்த்த கல்லூரியில், மாணவர் கட்டணத்திலிருந்தே சம்பளம் பெறும் சுயநிதிப் பிரிவில், ஏப்ரலில் பாதியும் மே மாதத்தில் ஒன்றுமில்லாமலும் இருந்தோம். ஓய்வறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்காரும் உதவிபெறும் பிரிவு ஆசிரியருக்கு அரசுச் சம்பளம் தவறாமல் வந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை, அவரும் எங்களுக்காக நிர்வாகத்திடம் பேசிப் பார்த்தார். ஆனால் இருவரும் ஒரே பாடத்தைத்தான் நடத்தினோம், ஒரே விடைத்தாளைத்தான் திருத்தினோம்.

என் வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஸ்டூல் போட்டு, கைப்பேசியைச் செங்கல்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு பி.காம். இரண்டாம் ஆண்டுக்கு வகுப்பெடுத்தேன். வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுக்க விண்ணப்பித்ததும் அதே மாடியிலிருந்துதான். மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும், அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதை எடுக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். எதற்காகப் பணம் என்று கேட்கும் கட்டத்தில் வழக்கமாக வீடு, திருமணம், மருத்துவம் என்று இருந்துவந்தது. அந்தப் பட்டியலில் பெருந்தொற்று என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. அதைத் தொட்டுவிட்டுக் கீழே போகாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை நான் நடத்த வேண்டியிருந்த பாடம் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடச் செலவுக்குக் கையில் இருக்க வேண்டிய பணம்.

கட்டணம் வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கற்பிக்கும் வேலை ஒரு நாள்கூடக் குறையவில்லையே, பிறகு ஏன் முதல் வெட்டு எங்கள்மேல் விழுந்தது? அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கிய மண் இது. கடல்கடந்து சம்பாதித்த பணம் வகுப்பறையாக நிற்கும் ஊர்கள் இவை. சில மாதச் சம்பளத்துக்குக் கையிருப்பு இல்லை என்றால் நம்ப முடியவில்லை.

கோட்டையூர், அறக்கட்டளைக் குழு உறுப்பினர்

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை என்னைப் போன்றவர்களுக்கு இருக்கிறது. கடல்கடந்த பணம் என்று எழுதினீர்கள். 2020 ஜூனில் மலேசியாவிலிருந்து ஒருவர் எங்கள் தலைவரை அழைத்தார். நாங்கள் நால்வரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டிருந்தோம். ஆசிரியர் சம்பளத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் அனுப்புகிறேன், கணக்கு எண் கொடுங்கள் என்றார். அவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் எந்தத் தடையும் இருந்திருக்காது. அவரோ அந்நாட்டுக் குடிமகன். அவரது பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை, அதற்கான பதிவு எங்கள் அறக்கட்டளைக்கு இல்லை. தலைவர் அதைச் சொன்னதும் எதிர்முனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எங்க ஐயா கட்டிக் கொடுத்த வகுப்பறைதானே அது, அதுக்கு நான் அந்நியனா?" என்றார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

கையிருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அதன் நோக்கத்துக்குச் செலவிட்டால்தான் வருமான வரி விலக்கு நிலைக்கும். மீதி 15 விழுக்காட்டை ஒதுக்கி வைக்கலாம். அதற்கு மேலும் சேர்க்க வேண்டுமானால், இன்ன நோக்கத்துக்கு என்று எழுதிக் கொடுத்து ஐந்தாண்டு வரை சேர்க்க வழி உண்டு. பெரும்பாலான சிறிய கல்லூரிகள் அந்த வழியைக் கட்டடத்துக்குத்தான் பயன்படுத்தின, சம்பளத்துக்கு என்று யாரும் எழுதிக் கொடுத்ததாக நான் பார்த்ததில்லை. மூலத்தொகையை வங்கியில் போட்டு வட்டியில் நடத்துவது நம் பழக்கம். 2020 மார்ச்சில் 5.15 விழுக்காடாக இருந்த ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, ரிசர்வ் வங்கி மே மாதத்துக்குள் 4 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தது. வைப்பு வட்டியும் பின்னாலேயே இறங்கியது. ஒரு கோடி ரூபாய் வைப்பில் ஒரு விழுக்காடு குறைந்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் போய்விடும். சிறிய கல்லூரியில் அது ஒருவருடைய பல மாதச் சம்பளம்.

ஆகவே இப்போது நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வைப்புகள் எல்லாம் ஒரே மாதத்தில் முதிர்வதுபோல் போடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு பங்கு முதிர்ந்தால், வட்டி இறங்கும் காலத்தில் முழுத்தொகையும் ஒருசேர அடிபடாது. பேருந்து, விடுதி, கல்விக் கட்டணம் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். கணக்கர் எழுதிய அந்தத் தந்தை கேட்டது சரியான கேள்வி: பேருந்துப் பணம் எங்கே போகிறது என்று சன்னலிலேயே காட்ட முடிந்தால், கொடுக்க முடிந்தவர் கொடுப்பார். புதிய பேருந்து வாங்குமுன் பக்கத்துக் கல்லூரியோடு தடத்தைப் பகிர முடியுமா என்று பேசிப் பாருங்கள். தேவகோட்டைச் சாலையில் காலையில் பாதி காலியாக ஓடும் கல்லூரி வண்டிகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலாக, சுயநிதி ஆசிரியர் சம்பளத்துக்கென்று ஒரு நிதியை எழுத்தில் தீர்மானம் போட்டுத் தொடங்குங்கள். தீர்மானம் இல்லாத நிதியை அடுத்து வரும் குழு சுற்றுச்சுவருக்குச் செலவழித்துவிடும்.

கல்லல், முன்னாள் மாணவி

புதுவயல் ஐயாவைப் போன்ற ஓர் ஆசிரியரிடம்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் ஒரே கைப்பேசி. பகலில் அது பள்ளிக்கூடத்துத் தம்பிக்குப் போய்விடும். எங்கள் கணக்கியல் ஆசிரியை இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, நான் தவறவிட்ட கணக்குகளை வாயாலேயே சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். நாள்தோறும் 2 ஜிபி இணையம் தரும் அரசு டேட்டா அட்டை 2021 தொடக்கத்தில் வந்தபோது, எங்கள் தெருவில் அது வாசல் படியில் நின்றால்தான் எடுத்தது. அந்த இரவுகளில் மேடமுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்ததா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றியதில்லை. மேலே உள்ளதைப் படித்த பிறகு அதே நினைவாக இருக்கிறது.

கணக்கர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். 2020 பருவத் தேர்வுக்கு நாங்கள் கட்டணம் கட்டியிருந்தோம். முதலாம், இரண்டாம் ஆண்டுக்குத் தேர்வு ரத்து என்று முதலமைச்சர் ஜூலையில் அறிவித்தார். அந்தப் பணம் கல்லூரியில் தங்கியதா?

காரைக்குடி, கல்லூரிக் கணக்கர்

தங்கவில்லை அம்மா. இணைப்புக் கல்லூரிகள் தேர்வுக் கட்டணத்தை வாங்கிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடும். எங்கள் ஏட்டில் வரவிலும் செலவிலும் ஒரே தொகை இருக்கும். நீங்கள் கட்டிய ரசீது இருந்தால் பின்பக்கத்தைப் பாருங்கள், அனுப்பிய வரைவோலை எண்ணைச் சில கல்லூரிகளில் அங்கேயே எழுதிவிடுவது வழக்கம்.