சர்வர் கடிகாரம் 40 விநாடி முந்தி ஓடுகிறது, எதையும் நிறுத்தாமல் சரிசெய்ய வழி உண்டா?

கேள்வி:
டெபியன் (லினக்ஸ் வகை) சர்வர். டேட்டாபேஸ், மெயில் இரண்டும் அதில்தான். நேரத்தை ஒரேயடியாகப் பின்னால் இழுத்தால் லாக்கில் வரிசை குழம்பும், போதாக்குறைக்கு மெயில் சர்வர் மென்பொருளான டவ்காட் பழைய 1.x பதிப்பு, நேரம் பின்னோக்கிப் போனால் தானே செத்துவிடும். ரீஸ்டார்ட்டுக்கு அனுமதி இல்லை.

பதில் 1:
குரோனி (நேரத்தைச் சரிசெய்யும் மென்பொருள்) போடுங்க, அது கடிகாரத்தை மெதுவாக ஓடவிட்டு நேரத்தைச் சரிசெய்யும். ஆனால் டெபியனில் பேக்கேஜ் இறங்கியதுமே சர்வீஸ் ஓட ஆரம்பித்துவிடும், கான்ஃபிக்கில் மேக்ஸ்டெப் (makestep) வரி வேறு இருக்கும், அது முதல் சில அப்டேட்டுக்குள் 1 விநாடிக்கு மேல் வித்தியாசம் கண்டால் நேரத்தை ஒரேயடியாக மாற்றிவிடும். அதனால் முதலில் சர்வீஸை மாஸ்க் செய்து (ஓடவிடாமல் தடுத்து), பேக்கேஜை இறக்கி, அந்த வரியை எடுத்துவிட்டு, அப்புறம் மாஸ்க்கை நீக்கி ஸ்டார்ட். இயல்பான உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 5 விநாடி திருத்தும், 8 நிமிடத்தில் வேலை முடியும். அது வேகம் என்று தோன்றினால் உச்ச வேகத்தைக் குறிக்கும் மேக்ஸ்ஸ்லூரேட்டை (maxslewrate) கான்ஃபிக்கில் குறையுங்க.

பதில் 2:
இதே வேலை செய்யும் பழைய என்டிபிடியிலும் (ntpd) -எக்ஸ் (-x) ஆப்ஷன் போட்டால் 600 விநாடி வரை குதிக்காது. ஆனால் அதன் வேகம் 500 பிபிஎம்தான் (பத்து லட்சம் விநாடிக்கு 500 விநாடி), 40 விநாடிக்கு 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனக்குப் பொறுமை கிடையாது, குரோனிதான்.

பதில் 3:
சரி, இது விஎம்மா (வேறொரு கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினியா)? ஆமாம் என்றால் ஹோஸ்ட், அதாவது வெளியே உள்ள அந்தக் கணினி, தன் நேரத்தை உள்ளே திணிப்பதை முதலில் அணையுங்க. இரண்டு பேர் ஒரே கடிகாரத்தைத் திருகினால் என்ன செய்தும் பயனில்லை.