வலைத்தளத்தில் ஏற்றியதும் பட்டுப் புடவைப் படங்கள் வெளிறிப்போவது ஏன்?

கேள்வி (திருபுவனம்):
எங்கள் வீட்டுத் தறிகளில் நெய்யும் பட்டுப் புடவைகளைப் படமெடுத்து, எங்கள் சொந்த வலைத்தளத்தில் ஏற்றி வருகிறேன். கணினியில் ஃபோட்டோஷாப்பில் பார்க்கும்போது அரக்கும் மயில்கழுத்தும் நேரில் காண்பதைப் போலவே இருக்கின்றன. தளத்திலோ அரக்கு மங்கியும், மயில்கழுத்து சாம்பல் பூத்தும் தெரிகின்றன. வந்த புடவை படத்தில் கண்ட நிறமில்லை என்று ஒருவர் திருப்பியும் அனுப்பிவிட்டார். கேமராவில் ஜேபெக்காகவே எடுக்கிறேன். பிழை எங்கே இருக்கிறது?

மறுமொழி 1 (மயிலாடுதுறை):
ஏற்றுவதற்கு முன் சாச்சுரேஷனை, அதாவது நிறச் செறிவை, சற்றுக் கூட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மறுமொழி 2 (கும்பகோணம்):
மேலே சொல்லியிருப்பது நோயை விட்டுவிட்டு வீக்கத்துக்குப் பற்றுப் போடும் வேலை. முதலில் உங்கள் கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள். அவை அடிக்கோட்டுடன் தொடங்கினால், கேமராவின் கலர் ஸ்பேஸ், அதாவது நிறங்களை எண்களாக எழுதும் அளவுமுறை, அடோபி ஆர்ஜிபியில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். 1998இல் வந்த இந்த வரையறை, குறிப்பாகப் பச்சையில், வலைத்தளங்களில் வழக்கமான எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்தது. அதனால் ஒரே நிறத்தை இரண்டும் வெவ்வேறு எண்களால் எழுதுகின்றன. எஸ்ஆர்ஜிபியில் 255 என்று எழுதப்படும் முழுச் சிவப்பு, அடோபி ஆர்ஜிபியில் 219தான். எந்த அளவில் எழுதியது என்பதைச் சொல்லும் ஐசிசி புரொஃபைல் கோப்போடு இருக்கும்வரை சிக்கல் இல்லை. அது உதிர்ந்துவிட்டால், உலாவி அந்த 219ஐ எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டு மங்கிய சிவப்பைக் காட்டும். பெரிய மரக்காலால் அளந்த நெல்லைச் சிறிய மரக்கால் கணக்கில் எழுதினால் களத்தில் நெல் குறைந்தா போகும், கணக்கில்தானே குறையும்?

ஃபோட்டோஷாப்பில் ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ என்பதைத் தேர்ந்து எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலையும் சேர்த்தே சேமியுங்கள். அருகிலேயே இருக்கும் ‘அசைன் புரொஃபைல்’ எண்களை மாற்றாமல் பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றுவதால், அதைத் தொட்டால் இதே மங்கல் உங்கள் கையாலேயே வந்து சேரும். இனி எடுக்கும் படங்களுக்குக் கேமராவையே எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிடுங்கள்.

மறுமொழி 3 (தஞ்சாவூர்):
புரொஃபைல் உதிரும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். தளம் வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் இயங்கினால், ஏற்றிய படத்திலிருந்து அது பல சிறிய அளவுகளை உருவாக்கும். அந்த வேலையைச் சர்வரில் ஜிடி என்ற நிரல் செய்தால் புரொஃபைல் போய்விடும், இமேஜிக் செய்தால் பெரும்பாலும் தங்கும். மூலப்படம் பளிச்சென்றும் சிறுபடம் மங்கியும் இருந்தால் காரணம் இதுதான். சாச்சுரேஷனைக் கூட்டினால் சிறுபடம் சரியாகத் தோன்றலாம், ஆனால் அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு நிறம் கண்ணைப் பறிக்கும். அவரும் புடவையைத் திருப்பி அனுப்புவார்.

இன்னொன்று: அரக்கு உடலும் சரிகைக் கரையும் சந்திக்கும் விளிம்பு கசிந்ததுபோல் தெரிந்தால், அது ஜேபெக் சுருக்கத்தின் வேலை. இடத்தை மிச்சப்படுத்த நிறத் தகவலைப் பாதித் துல்லியத்தில் வைப்பது அதன் வழக்கம். தரத்தை உயர்த்திச் சேமித்தால் பெரிதும் குறையும்.

கேட்டவர்:
அடிக்கோடு இருந்தது, ஐயா. மாற்றி ஏற்றியபின் அரக்கு அப்படியே வந்துவிட்டது. மயில்கழுத்து மட்டும் இன்னும் நேரில் காண்பதுபோல் இல்லை.

மறுமொழி 2 (கும்பகோணம்):
அந்த நீலப்பச்சையின் அடர்ந்த சாயல்கள் சில எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்குவதில்லை. அதற்கும் மேலாக, நெடுக்கு இழையான பாவு ஒரு நிறமும் குறுக்கு இழையான ஊடை வேறு நிறமுமாக நெய்யப்படுவதால் கோணத்துக்குக் கோணம் மாறும் நிறம் அது. ஒரே படத்தில் பிடிக்க முயலாமல், மடிப்பை ஒளிக்கு நேராக வைத்து ஒன்றும், சாய்த்து வைத்து ஒன்றுமாக இரண்டு படங்களை அடுத்தடுத்து ஏற்றுங்கள்.