"புரிகிறதா?" என்று கேட்பதை எப்படி நிறுத்துவது?

கேள்வி: சாக்பீஸ்தூள்

வணக்கம். டெல்டாப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். பட்டதாரி ஆசிரியர், இது பதினான்காம் ஆண்டு. 6, 7, 8 மூன்று வகுப்புகளும் என்னிடம்தான். கணக்கு சாருடைய வகுப்பு கலகலப்பாக இருக்கும் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை நானும் நம்பிக்கொண்டிருந்தேன், சென்ற மாதம் வரை.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் கட்டுப் போட்டு வீட்டில் இருக்கிறாள். "பாடமெல்லாம் போய்விடுமே சார்" என்று அவள் அம்மா வருந்தினார். முதல் பெஞ்சின் ஓரத்தில் கைபேசியை வைத்து, பாடவேளை முழுவதையும் ஒலிப்பதிவு செய்து அனுப்பினேன். பாடம், தசம எண்களை ஒப்பிடுதல். 0.5 பெரிதா, 0.35 பெரிதா? 0.5-க்குப் பின்னால் ஒரு பூச்சியம் சேர், 0.50 ஆகிவிடும், 50 பெரிது, முடிந்தது. நல்ல வகுப்பு என்றுதான் நினைத்தேன். சட்டை நனைந்திருந்தது. வியர்த்தால் நன்றாக நடத்தியிருக்கிறேன் என்று எனக்கு ஒரு கணக்கு உண்டு.

இரவு அந்தச் சிறுமி அழைத்தாள். "சார், நடுவில் ஒருவன் இரண்டு தடவை கேட்கிறானே, அதற்கு என்ன பதில்?"

யாரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. பதிவைப் போட்டுப் பார்த்தேன். பத்தொன்பதாம் நிமிடம், கைபேசிக்குப் பக்கத்தில் மெல்லிய குரல்: "பின்னால் பூச்சியம் போட்டால் பத்து மடங்கு ஆகிவிடாதா சார்? 5 போய் 50 ஆகிறதே?" அதன் மேலேயே என் குரல் ஏறுகிறது: "புரிகிறதா? புரிகிறது. சரி, அடுத்த கணக்கு." கேள்வியும் நானே, பதிலும் நானே. கொஞ்ச நேரம் கழித்து அவன் மறுபடி கேட்கிறான். இந்த முறை "புரிகிறது சாஆஆர்" என்ற கோரஸ் அவனை மூழ்கடித்துவிட்டது.

பதினான்கு ஆண்டுகளில் எனக்கு வந்த கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எனக்குக் காது கேட்கவில்லை.

பிறகு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து எண்ணினேன். 40 நிமிடத்தில் "புரிகிறதா" 26 முறை. கோரஸை விட்டுவிட்டால் பிள்ளைகளின் குரல் மொத்தமாக இரண்டு நிமிடம்கூட வரவில்லை. கேள்வி கேட்டுவிட்டு நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று பார்த்தால், பெரும்பாலும் விநாடி எண் மாறுவதற்குள் நானே பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

பயிற்சிக்குப் போங்கள் என்பீர்கள். போயிருக்கிறேன். மாணவர் மையக் கற்பித்தல் என்றால் என்ன என்று ஒருவர் எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஓயாமல் விளக்கினார். கடைசியில் "புரிகிறதா?" என்றார். "புரிகிறது சார்" என்றோம்.

எனவே அர்ப்பணிப்பு, அன்பு, எழுத்தறிவித்தவன் இறைவன் என்றெல்லாம் யாரும் எழுத வேண்டாம். நாளைக் காலை இரண்டாம் பாடவேளையில் நான் என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

பதில் 1: பாய்விரித்த டீச்சர்

தம்பி, முதலில் உட்காருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஆந்திராவில் ரிஷிவேலிப் பக்கம் உருவான முறையைப் பார்த்துவிட்டு வந்து இங்கே தொடங்கினார்கள். பிள்ளைகள் தாமே எடுத்துச் செய்யும் பாட அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகள் எழுதுவதற்குக் கரும்பலகை. நாங்களும் பாயில் அவர்களோடு உட்கார வேண்டும். 2007-08-இல் தமிழ்நாடு முழுவதும் போனது. எனக்கு அப்போது கோபமான கோபம். அட்டையே பாடம் நடத்துமென்றால் எனக்கு எதற்குச் சம்பளம் என்று ஆசிரியர் அறையில் கத்தியிருக்கிறேன். முழங்கால் வலி வேறு.

ஆனால் கீழே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அதுவரை நான் பார்த்ததெல்லாம் உச்சந்தலைகளை. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தால் கழித்தல் கணக்கில் விரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்று தெரிகிறது. அந்த முறையை நான் தலையில் தூக்கி வைத்து ஆடவும் மாட்டேன். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதி ஏணியில் ஏறிய கெட்டிக்காரர்கள் நிறையப் பேர். உட்காரும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறும் வரை என்னோடு இருந்தது.

காத்திருப்பது பற்றி ஒன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில், உங்களைப் போலவே, வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு எண்ணினார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பிள்ளைகள் தாமாகவே கேள்வி கேட்பதும் கூடியது. ஆகவே இது உங்கள் ஒருவருடைய நோய் இல்லை. நான் செய்தது: கேள்வியைக் கேட்டுவிட்டு, பேசாமல் ஜன்னல் வரை நடந்து திரும்புவேன். அவ்வளவுதான். இன்னொரு இடத்திலும் காத்திருக்க வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்: பிள்ளை பதில் சொன்ன பிறகு. உடனே "வெரி குட்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

"புரிகிறதா"வுக்குப் பதிலாக "எந்த இடத்தில் வழுக்குகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குக் கோரஸாகப் பதில் சொல்ல முடியாது.

பதில் 2: மூன்றாம்மாடி

டீச்சர் சொல்வது பாயில் உட்கார முடிந்த வகுப்புக்குச் சரி. நான் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்பு எடுக்கிறேன், ஒரு பிரிவில் 52 பேர். மூன்று விநாடி என்ன, முப்பது விநாடி காத்திருந்தாலும் அதே நான்கு கைகள்தான் உயரும். மற்ற 48 பேர் அந்த நான்கு பேரை நம்பி நிம்மதியாக இருப்பார்கள். காத்திருப்பு மட்டும் போதாது, எல்லோரும் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஏற்பாடு வேண்டும்.

அதற்குச் சிலேட்டு போதும். பழைய சிலேட்டுதான். கேள்வி, ஒரு நிமிடம், எல்லோரும் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். 52 விடைகள் ஒரே பார்வையில். முதல் தடவை நெஞ்சு திக்கென்று இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தசமக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சியம் சேர்க்கும் சூத்திரம் விடையைக் கொண்டுவரும், ஆனால் குழப்பத்தை மூடி வைத்துவிடும். 0.35-ஐ "புள்ளி முப்பத்தைந்து" என்று வாசிக்கிறோம், முப்பத்தைந்து ஐந்தை விடப் பெரிதுதானே? "புள்ளி மூன்று ஐந்து" என்று வாசியுங்கள். கிரிக்கெட் இன்னொரு வில்லன். 4.5 ஓவர் என்றால் நான்கு ஓவரும் ஐந்து பந்தும், நான்கரை ஓவர் அன்று. பையன்களுக்கு வீட்டில் தெரிந்த ஒரே தசமம் அதுதான், அதுவும் பொய்த் தசமம்! காசை வைத்து விளக்கலாம் என்றால், 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போயின. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் காசு என்பது பாட்டி சொல்லும் கதை.

பதில் 3: இழைப்புளி

நான் ஆசிரியர் இல்லை, தச்சு வேலை. மகளின் படிப்புக்காக இங்கே எட்டிப் பார்ப்பேன்.

அந்தப் பையனின் கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன். "பலகையைப் பார்" என்று பதில் வந்தது. பிறகு கேட்கவில்லை, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன்.

மீட்டர் டேப்பை விரித்துக் காட்டுங்கள் சார். 0.5 மீட்டர் என்றால் பத்து சென்டிமீட்டர் துண்டு ஐந்து. 0.50 என்றால் ஒரு சென்டிமீட்டர் துண்டு ஐம்பது. ரம்பம் வைக்கும் இடம் ஒன்றேதான். துண்டின் எண்ணிக்கை பத்து மடங்காகிறது, துண்டு பத்தில் ஒன்றாகச் சிறுத்துவிடுகிறது.

சாக்பீஸ்தூள் (மூன்று வாரம் கழித்து)

மூவருக்கும் நன்றி. தச்சர் ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. பி.எட். படித்தபோதும் இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

சிலேட்டுகள் கிடங்கு அறையில் ஒட்டடைக்குள் இருந்தன, உடையாதவை 14. மீதிப் பேருக்கு நோட்டின் கடைசிப் பக்கம். அதே 0.5, 0.35 கேள்வி. 28 பேரில் 17 பேர் 0.35 என்று எழுதித் தூக்கினார்கள். இரண்டு வாரத்துக்கு முன் "புரிகிறது சாஆஆர்" என்றவர்கள் இவர்களேதான். மூன்றாம்மாடி சொன்னபடி நெஞ்சு திக்கென்றது. அதிலும் வகுப்புத் தலைவன் அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தான்.

டேப்பைக் கரும்பலகையின் மேல் விளிம்பில் ஒட்டினேன். பூச்சியப் பையனைக் கூப்பிட்டு அவன் கேள்வியை எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். முதலில் வாயே திறக்கவில்லை. திட்டத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறான். அப்புறம் கேட்டான். ஜன்னல் வரை நடந்தேன். ஒருத்தி எழுந்து வந்து விரலால் பத்துப் பத்து சென்டிமீட்டராக எண்ணிக் காட்டினாள். நான் "வெரி குட்" என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன். அந்த இடைவெளியில் பையன் அடுத்ததைப் போட்டான்: "அப்படியென்றால் புள்ளிக்கும் ஐந்துக்கும் நடுவில் பூச்சியம் போட்டால்?" 0.05. வகுப்பு இரண்டாகப் பிரிந்து பன்னிரண்டு நிமிடம் சண்டை.

போர்ஷன் பின்தங்கிவிட்டது. பாடக்குறிப்பில் எழுதியது ஒன்று, வகுப்பில் நடந்தது ஒன்று என்று தலைமையாசிரியர் மேசைக்கு அழைத்துக் கேட்டார், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எட்டாம் வகுப்பில் இன்னும் பழைய மாதிரியேதான் கத்துகிறேன். அங்கே மௌனமாக நின்றால் பின் பெஞ்சில் சினிமா ஆரம்பமாகிவிடுகிறது. ஏழாம் வகுப்பில் நேற்று மறுபடி எண்ணிப் பார்த்தேன், "புரிகிறதா" 11.

பதிவுகளை அந்தச் சிறுமிக்குத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். முந்தாநாள் அழைத்திருந்தாள். "சார், இப்போதெல்லாம் நடுநடுவே சத்தமே வரவில்லை. போன் கெட்டுவிட்டதா?"