புதுப்பிப்பு: ஆறாம் வகுப்புப் பாடத்தேர்வு, படிவம் கொடுத்தாகிவிட்டது

மகள் நடுநிலைப் பள்ளிக்குப் போகிறாள், இரண்டு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும், கணக்கில் அட்வான்ஸ்டு பிரிவா சாதாரணப் பிரிவா என்று குழப்பம் எனப் போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மதிப்பெண்ணை ஓரம் வைத்துவிட்டு, ஒரு கணக்கை வாய்விட்டு விளக்கச் சொல்லிப் பாருங்கள் என்றார் ஒருவர். செய்தேன். முக்காலை அரையால் வகுத்தால் ஒன்றரை என்று டக்கென்று சொல்லிவிட்டாள். ஏன் திருப்பிப் போட்டுப் பெருக்குகிறாய் என்றால், "டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க." சரி, சாதாரணப் பிரிவே போதும். முதல் பருவம் முடிந்ததும் தேர்வு எழுதி மேலே போகலாமாம்.

விருப்பப் பாடத்தில் தோற்றது நான்தான். எனக்கு கோடிங் ஆசை, அவளுக்கு வயலின். வாத்தியக் குழு ஆண்டு முழுக்க நடக்கும், நடுவில் சேருவது கஷ்டம். கோடிங் ஒரு பருவம்தான், அடுத்த வருடமும் எடுக்கலாம். அப்புறம் என்னத்தை வாதாடுவது? இன்னொன்று ஓவியம்.

ஒன்று சொல்ல வேண்டும்: 'மாற்று விருப்பம்' கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். இடம் நிரம்பிவிட்டால் பள்ளியே எதையாவது போட்டுவிடும். நாங்களும் விட்டிருப்போம், படிவத்தை மடிக்கும்போது அவள்தான் பிடுங்கி, பென்சிலால் 'நாடகம்' என்று எழுதினாள்.