மறு: துப்பாக்கியின் ‘ஃபர்னிச்சர்’: தமிழில் ஒரு பொதுச்சொல்

குழுவினருக்கு வணக்கம். துப்பாக்கியில் தோளில் பதியும் பின்கட்டை, உள்ளங்கையில் அமையும் கைப்பிடி, குழலுக்கு அடியில் மற்றக் கை பற்றும் முன்பிடி ஆகியவற்றைச் சேர்த்து ஆங்கிலத்தில் ‘ஃபர்னிச்சர்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஒரு பொதுச்சொல் தேடும் நம் உரையாடலில் வந்த யோசனை இது:

> பின்கட்டை, கைப்பிடி, முன்பிடி எல்லாவற்றையும் சேர்த்து ‘மரப்பாகம்’ என்று எழுதிவிடலாமே?

கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ரஷ்யத் துப்பாக்கிகளில் இந்தப் பாகங்கள் எதனால் செய்யப்பட்டவை என்பதை வைத்துத்தான் காலத்தைக் கணிக்கிறோம். விடையைக் கலைச்சொல்லுக்குள் அடைத்துவிட்டால் ஆராய்வதற்கு என்ன மிஞ்சும்?

கலாஷ்னிகோவ் வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949இல் படையில் சேர்ந்த ஏகேயின் பின்கட்டை முழுமரம். 1959இல் வந்த அதன் அடுத்த வடிவமான ஏகேஎம்மில் மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்த அடுக்குமரம். அதன் கைப்பிடி விரைவிலேயே செம்பழுப்பு நிற ஏஜி-4 என்ற பிளாஸ்டிக்குக்கு மாறியது. சேகரிப்பாளர்கள் இதைப் பேக்கலைட் என்கிறார்கள். உண்மையில் இது கண்ணாடியிழை சேர்த்து அச்சில் அழுத்திய பீனால்-ஃபார்மால்டிஹைடு பிசின். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இழைகள் சுழித்து ஓடுவது தெரியும். அதன்மேல் உள்ள முத்திரையில் முக்கோணத்துக்குள் அம்பு இருந்தால் செய்தது இஷெவ்ஸ்க் ஆலை, ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் துலா. 1974இன் ஏகே-74இல் பின்கட்டையின் இருபுறமும் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு; கையில் இருப்பது 5.45 மி.மீ. குண்டு சுடும் துப்பாக்கி, பழைய 7.62 அல்ல என்று இருட்டிலும் விரல் சொல்லிவிடும். 1980களில் நாவற்பழ நிறப் பாலியமைடு பிளாஸ்டிக், 1991இன் ஏகே-74எம்மில் கறுப்பு. இவற்றில் பாதிக்கு மேல் மரமே இல்லை.

‘தளவாடம்’ என்ற யோசனையும் வந்தது. மேசை நாற்காலிக்கும் படைக்கருவிக்கும் அந்த ஒரே சொல் வழங்குவது அழகுதான். ஆனால் துப்பாக்கியே தளவாடமாக இருக்கும்போது அதன் பாகத்துக்கும் அதே பெயர் எப்படிப் பொருந்தும்?

ரஷ்யர்கள் தங்கள் பழைய படைத்துப்பாக்கியான மொசினின் நீண்ட ஒற்றை மரத்தை ‘லோஜா’ என்கிறார்கள். படுக்கையைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. குழல் அதில் படுத்திருக்கிறது. ஏகேயிலோ படுக்கை நான்கு துண்டாகிவிட்டது: பின்கட்டை, கைப்பிடி, முன்பிடியின் கீழ்ப்பகுதி, மேல்மூடி. தோள், உள்ளங்கை, இடக்கை என உடல் படும் இடங்கள் இவை. ஆகவே ‘பிடியுறுப்பு’ என்று முன்வைக்கிறேன்.

—

> தோள் எங்கே பிடிக்கிறது? தாங்கத்தானே செய்கிறது? தவிர, ‘கட்டை’யும் மரத்தைத்தானே குறிக்கும்? அதை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்?

ஐயா, இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன். சைக்கிளின் பிரேக் கட்டை ரப்பரால் ஆனது. மக்கள் வாயில் ‘கட்டை’ எப்போதோ மரத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. ‘மரப்பாகம்’ அப்படி வரவில்லை.

முதல் கேள்விக்கு அரிவாளைப் பார்க்கலாம். கொல்லர் இரும்பை அடித்துத் தருகிறார்; பிறகு அதற்குப் பிடி போடுகிறோம். பிடி உடைந்தால் வேறு போடுவோம், அரிவாள் பழையதுதான். மொசினுக்கும் நேர்ந்தது இதுவே. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத் படைக்கலக் கிடங்குகள் அவற்றைப் பிரித்துச் சீரமைத்தன; கையில் கிடைத்த கட்டையைக் கிடைத்த குழலுக்குப் பூட்டி, செம்மை கலந்த ஷெல்லாக் என்ற அரக்கு மெருகைத் தடிமனாகப் பூசின. சதுரத்துக்குள் குறுக்குக்கோடு உள்ள முத்திரை அதற்குச் சாட்சி. குழலில் 1939 என்று பொறித்திருக்கலாம்; கட்டை வேறொரு துப்பாக்கியில் பிறந்தது. குழலின் ஆண்டைக் கட்டைக்கும் ஏற்றிவிடுவதுதான் இத்துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. ‘பிடி’ என்ற சொல்லில், மாற்றிப் போடக்கூடியது என்ற பொருள் நம் பட்டறைகளிலேயே ஏறியிருக்கிறது. தோளுக்குச் சற்று இடறினாலும் அதை நான் விடமாட்டேன்.

பட்டியலில் இப்படி இடுகிறேன்: பொதுச்சொல் பிடியுறுப்பு, அதன் வகைகள் பின்கட்டை, கைப்பிடி, முன்பிடி, மேல்மூடி. மொசினின் ஒற்றை மரத்துக்கு ‘முழுக்கட்டை’. ‘முன்பிடி’க்கு ‘கைக்காப்பு’ மேல் என்று நினைப்பவர்கள் எழுதுங்கள். குழலின் சூட்டிலிருந்து கையைக் காப்பதும் அதன் வேலைதான்.