ஆள் சாகாத வளைவு கரும்புள்ளிப் பட்டியலில் வராதா?

மருந்துக்கடைக்காரன்:
தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், அழகியமண்டபத்துக்கு முன்னால் ஒரு வளைவின் ஓரத்தில் என் கடை இருக்கிறது. வைகாசிக் கடைசியில் முதல் மழை விழுந்தால் போதும், தூசியும் எண்ணெயும் குழம்பி பைக்குகள் வரிசையாகச் சறுக்கும். வளைவில் சாலை உள்பக்கம் சரிந்திருக்க வேண்டும். இங்கே வெளிப்பக்கம் சரிகிறது. தண்ணீர் போகும் திசையைப் பார்த்தாலே தெரியும். விழுந்தவர் முதலில் ஏறுவது என் கடைப்படியில்தான். பஞ்சுக்கும் மருந்துக்கும் காசு வாங்குவதில்லை, அது போகட்டும்.

எச்சரிக்கைப் பலகை கேட்டு மனு கொடுத்தேன். "மேற்படி இடத்தில் உயிரிழப்பு பதிவாகவில்லை" என்று பதில் வந்தது. பலகைக்கு ஒரு பிணம் விலையா? யார், எதை எண்ணுகிறார்கள்?

குழித்துறை வக்கீல்:
அந்தப் பதில் அரைகுறை, அண்ணாச்சி. தேசிய நெடுஞ்சாலையில் கரும்புள்ளிக்கு, அதாவது விபத்து அடிக்கடி நடக்கும் இடத்துக்கு, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வைத்திருக்கும் கணக்கு இது: ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்தில், 3 ஆண்டுகளில், உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்ட 5 விபத்துகள்; அல்லது 10 உயிரிழப்புகள். எலும்பு முறிந்தாலே சட்டப்படி கொடுங்காயம்தான். உங்கள் படியில் மணிக்கட்டு முறிந்து உட்கார்ந்தவர்களும் கணக்கில் வரவேண்டியவர்கள்.

ஆனால் வழக்குப் பதிவாகியிருக்க வேண்டுமே! தானாகச் சறுக்கி விழுந்தவர் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. இரண்டு வண்டி மோதினால் செலவைக் கொடுத்துப் பேசித் தீர்த்துவிடுகிறார்கள்.

பழைய ஸ்டேஷன் ரைட்டர்:
பதிவானாலும் பாதிதான் வரும். சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் செயலியில் இப்போது விபத்து விவரங்களை ஏற்றுகிறார்கள். முதலில் தொடங்கிய 6 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சம்பவ இடத்தில் நின்று ஏற்றினால் வரைபடத்தில் புள்ளி சரியாக விழும். ஸ்டேஷனில் உட்கார்ந்து ஏற்றி, இடத்தைத் திருத்தாமல் விட்டால், விபத்து ஸ்டேஷன் வாசலில் நடந்ததாகிவிடும்.

இன்னொன்று, எங்கள் கைப்பழக்கம். "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று எழுதாத எஃப்ஐஆர் உண்டா? 2022-இல் நாட்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். அதில் சுமார் 71 சதவீதம் அதிவேகத்தின் தலையில் எழுதப்பட்டது. வேகம் காரணமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் சாலையின் சரிவு தவறு என்று எழுத ரைட்டருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

மருந்துக்கடைக்காரன்:
சரி. பதிவாகாமல் போனவர்களை எங்கே தேடுவது?

குழித்துறை வக்கீல்:
ஆஸ்பத்திரியில். விபத்து என்று சொல்லிச் சேர்ந்தவருக்கு ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேட்டுக் குறிப்பு, போடுவார்கள். ஸ்வீடனில் போலீஸ் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் ஒரே தளத்தில் சேர்த்துப் பார்க்கிறார்கள். போலீஸ் காதுக்குப் போகாத விபத்து அங்கே அப்படித்தான் தெரியவருகிறது. நமக்கு ஆர்.டி.ஐ., தகவல் அறியும் உரிமைச் சட்டம், இருக்கிறது. பெயர், முகவரி கேட்காதீர்கள், மறுத்துவிடுவார்கள். அந்த இடத்தைச் சொல்லி 3 ஆண்டு எண்ணிக்கை மட்டும் கேளுங்கள். கையில் கிடைத்ததும் கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதலாம்.

பழைய ஸ்டேஷன் ரைட்டர்:
ஏ.ஆரில் இடம் பெரும்பாலும் "அழகியமண்டபம் அருகில்" என்றுதான் இருக்கும். அதை வைத்து 500 மீட்டரை அளக்க முடியாது. இனிமேல் விழுகிறவரை ஆட்டோவில் ஏற்றிவிடும்போது கிலோமீட்டர் கல் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். டாக்டர் கேட்டால் அதைக் காட்டட்டும்.

மருந்துக்கடைக்காரன்:
கல் கடைக்கு எதிரில்தான் இருக்கிறது, போஸ்டர் ஒட்டி எண்ணையே மறைத்துவிட்டார்கள். காலையில் சுரண்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.