பிட்ஸை வச்சுக்கலாமா, வித்துடலாமா: எங்க குடும்பக் குழுவில், 2025 ஏப்ரல்

கார்த்தி: என்எஃப்எல் டிராஃப்ட் (காலேஜ் ஆட்டக்காரங்களை டீம்கள் முறை வச்சு எடுக்கறது) நெருங்குது, அட்லாண்டா ஃபால்கன்ஸோட டைட் எண்ட் (பிளாக்கும் பண்ணி, பாஸும் பிடிக்கற ஆள்) கைல் பிட்ஸை டிரேட் பண்ணலாம்னு மறுபடி பேச்சு கிளம்பிடுச்சு. ஃபால்கன்ஸ் அவரை வச்சுக்கணுமா வேணாமா? எல்லாரும் சொல்லுங்க

திவ்யா: அனுப்பிடலாம். 2021 டிராஃப்ட்ல 4ஆவது பிக், அதாவது நாலாவதா எடுத்த ஆள். அதுக்கு முன்னாடி எந்த டைட் எண்ட்டையும் யாரும் அவ்வளவு மேல எடுத்தது இல்ல. நாலு வருஷத்துல மொத்தம் 10 டச்டவுன்

கார்த்தி: 1, 2, 3, 4. வருஷத்துக்கு ஒண்ணா ஏறுது. இந்த வருஷம் 5 வரும் பாரு 😂

மீனா: அவருக்கு அடுத்து டிராஃப்ட்ல போனது சேஸ், வாடில், ஸூவல். ஸூவலை 7ஆவதா எங்க டெட்ராய்ட் லயன்ஸுக்கு விட்டுக் கொடுத்ததுக்கு நன்றிப்பா 🙏

ரகு: மீனா, அது முடிஞ்ச கதை. 2021ல என்ன பிக் கொடுத்தோம்ங்கறதை இப்ப கணக்குல சேர்த்தா முடிவு தப்பாத்தான் போகும். இன்னைக்கு நிலைமை என்னன்னு பாருங்க. வயசு 24. ஒரே வருஷ ஒப்பந்தம் பாக்கி. அது அஞ்சாவது வருஷ ஆப்ஷன், அதாவது முதல் ரவுண்ட் ஆளை டீம் விரும்பினா இன்னொரு வருஷம் வச்சுக்கற உரிமை. தொகை 10.878 மில்லியன் டாலர்

திவ்யா: மாமா, அந்தக் காசுக்குத்தான் சொல்றேன். வெளிய விட்டா அந்தப் பணம் மிச்சம்

ரகு: மிச்சம் ஆகாதும்மா. 2020ல வந்த புது ஒப்பந்த விதிப்படி, ஆப்ஷனை எடுத்த அன்னைக்கே முழுத் தொகையும் கேரண்டி. போன வருஷமே எடுத்தாச்சு. இப்ப ரிலீஸ் பண்ணா ஆளும் இல்ல, சாலரி கேப்ல (டீம் சம்பளத்துக்கு லீக் வைக்கற உச்சவரம்பு) அந்த இடமும் அப்படியே போகும். டிரேட் பண்ணா மட்டும்தான் மொத்தமும் நம்ம கணக்குல இருந்து இறங்கும். சைனிங் போனஸ் நாலு வருஷத்துல கழிஞ்சுடுச்சு, அதனால டெட் மனி, அதாவது ஆள் போனப்புறமும் கேப்ல நிக்கற தொகை, கிடையாது

மீனா: அண்ணா சொல்றது சரி. எரிக் எப்ரான்ங்கற டைட் எண்ட்டை லயன்ஸ் 2018 மார்ச்ல கழட்டி விட்டது பழைய விதியில. அப்ப ஆப்ஷன் தொகைக்கு காயம்பட்டா மட்டும்தான் கேரண்டி. லீக் வருஷம் ஆரம்பிக்கிற வரைக்கும் வெட்டிவிட வழி இருந்தது. 8.25 மில்லியனை அப்படித்தான் மிச்சம் பண்ணாங்க

திவ்யா: அம்மா, அந்தக் கதையோட மிச்சத்தையும் சொல்லு. அடுத்த சீசன்லயே கோல்ட்ஸ்ல 13 டச்டவுன் பிடிச்சான் 😬

மீனா: பிடிச்சான். அப்ப பந்து போட்டது ஆண்ட்ரூ லக். லக் ரிட்டயர் ஆனதும் 2019ல வெறும் 3. அதனால எப்ரானைக் காட்டி "விட்டா வருத்தப்படுவோம்"னும் சொல்ல முடியாது, "விட்டது சரி"ன்னும் சொல்ல முடியாது

கார்த்தி: பிட்ஸுக்கும் அதே பிரச்சினைதானே அத்தை. 2021ல மேட் ரயன் போட்டார், 68 கேட்ச், 1,026 யார்ட். முதல் வருஷத்துலயே ஆயிரம் தாண்டின டைட் எண்ட் அதுக்கு முன்னாடி 1961ல டிட்கா மட்டும்தான். அப்புறம் பந்து போட வந்தது மரியோட்டா, ரிடர், கசின்ஸ், கடைசியா பெனிக்ஸ். 2022ல 59 தடவை அவர் பக்கம் போட்டு 28தான் கைக்கு வந்தது. அதுல பாதி பந்து ஏணி வச்சாலும் எட்டாது

திவ்யா: 2022ல முழங்கால்ல எம்சிஎல் தசைநார் கிழிஞ்சது, சரி. 2024க்கு என்ன சாக்கு? 47 கேட்ச், 602 யார்ட். பெனிக்ஸோட முதல் மேட்ச்ல ஜயன்ட்ஸுக்கு எதிரா அந்த இன்டர்செப்ஷன் (பந்தை எதிரணி பிடிச்சது) பெனிக்ஸ் தப்பே இல்ல. பிட்ஸ் கையில பட்டுத் தெறிச்ச பந்து

ரகு: அதே மாசம் வாஷிங்டன்ல நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 13 யார்ட் போகணும், ஆட்டம் முடிய ஒண்ணரை நிமிஷம்கூட இல்ல. அந்த டச்டவுனைப் பிடிச்சு சமன் பண்ணதும் அதே கைதான். ஓவர்டைம்ல தோத்தது வேற விஷயம்

ரகு: கேட்ச் எண்ணிக்கையை விடு. நான் பாக்கறது ரெண்டு. எத்தனை ஸ்நாப்ல (பந்து ஆட்டத்துக்கு வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்நாப்) பாஸ் ரூட், அதாவது பந்து வாங்கற பாதை, ஓடறார். ஓடற ஒவ்வொரு ரூட்டுக்கும் எத்தனை யார்ட் வருது. 2021ல 110 டார்கெட் (அவர் பக்கம் போட்ட பந்து), 2024ல 74. நடுவுல டிரேக் லண்டன் வந்தாச்சு, மூனி வந்தாச்சு, பிஜான் வந்தாச்சு. 2024ல லண்டன் மட்டும் சரியா 100 கேட்ச். பந்து ஒண்ணுதான் இருக்கு

மீனா: பிளாக்கிங்கை யாருமே பேசலையே. ஃபால்கன்ஸ் ஓடறது அவுட்சைட் ஸோன், அதாவது லைனோட ஓரம் பக்கமா போற ரன். டைட் எண்ட், டேக்கிள் (லைனோட ஓரத்துல நிக்கற பிளாக்கர்) பக்கத்துல கையை ஊனி நின்னு டிஃபென்சிவ் எண்ட்டை வெளிய போக விடாம அடைக்கணும். அடைக்கலைன்னா பந்தை எடுத்து ஓடற பிஜானுக்குத் திரும்ப இடமே இருக்காது. பிட்ஸ் 6 அடி 6 அங்குலம், முதல் அடியிலேயே நிமிர்ந்துடறார். உயரமான ஆள் நிமிர்ந்தா எதிராளியோட கை நேரா நெஞ்சுல வந்து உக்காரும்

கார்த்தி: அதுக்குத்தானே பிளாக்கிங் பண்ற டைட் எண்ட் வூர்னரைக் கொண்டு வந்தாங்க

ரகு: அதுல ஒரு சிக்கல் இருக்குடா. வூர்னர் உள்ள வந்தாலே ரன்னுன்னு எதிரணிக்குத் தெரிஞ்சுடும். பிட்ஸ் மட்டும் நின்னா அவரை ரிசீவராவே எண்ணி, நிக்கல் வச்சு அஞ்சு டிஃபென்சிவ் பேக்கை (பாஸைத் தடுக்கற வேகமான ஆளுங்க) இறக்குவாங்க. ரெண்டு பேரையும் சேர்த்து இறக்கினாத்தான் எதிரணி குழம்பும். நிக்கல்ல நின்னா வூர்னர் பக்கம் ரன். மூணு லைன்பேக்கரோட (கனமான, வேகம் கம்மியான ஆளுங்க) வந்தா, பிட்ஸை ஸ்லாட்டுக்கு (லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவுல) நகர்த்தி லைன்பேக்கர் மேல ஓட விடலாம். 12 பர்சனல் (ஒரு ரன்னிங் பேக், ரெண்டு டைட் எண்ட்) அதிகமாப் போனா பிட்ஸுக்கு வேலை இருக்கு. மூணு ரிசீவரையே நம்பி ஆடறதா இருந்தா, திவ்யா சொல்றபடி வித்துடறதுதான் நல்லது

திவ்யா: அப்பாடா, ஒத்துக்கிட்டீங்க 😌 எத்தனாவது ரவுண்ட் பிக்குக்கு விக்கலாம்?

மீனா: 2022ல நாங்க டைட் எண்ட் ஹாக்கென்சனை மின்னசோட்டாவுக்கு அனுப்பினப்போ ஒரு 2ஆவது ரவுண்டும் ஒரு 3ஆவதும் வந்தது. அவர்கூடவே ரெண்டு 4ஆவது ரவுண்ட் பிக்கும் கொடுத்தோம். அவர் ப்ரோ பௌல் (சிறந்த ஆட்டக்காரங்களுக்கான கௌரவம்) போனவர், மேல ஒரு வருஷ ஒப்பந்தமும் கையில இருந்தது. பிட்ஸுக்கு அவ்வளவு தேறாது

ரகு: தேறாது. மதிப்பு போட ஒரு வழி இருக்கு. வச்சுக்கிட்டு, 2026ல அவர் ஒப்பந்தம் முடிஞ்ச ஃப்ரீ ஏஜென்ட்டா வேற டீம் போய் பெரிய ஒப்பந்தம் வாங்கினா, 2027 டிராஃப்ட்ல நமக்கு காம்பன்சேட்டரி பிக் (இழந்த ஆளுக்கு ஈடா லீக் தர்ற பிக்) வரும். ரொம்ப மேல போனா 3ஆவது ரவுண்டோட கடைசி. அதே சமயம் நாம அதுக்குச் சமமான ஃப்ரீ ஏஜென்ட்டை எடுத்தா அது அடிபட்டுப் போயிடும். அதனால இப்ப யாராவது 3ஆவது ரவுண்ட் கொடுத்தா பேசலாம். 4ஆவதுன்னா ஃபோனை வச்சுடணும்

கார்த்தி: சித்தப்பா, இந்த வருஷம் நம்ம 3ஆவது ரவுண்ட் ஜூடனை வாங்கினதுக்குப் போச்சு, 5ஆவதை கசின்ஸ்கிட்ட விதி மீறி முன்கூட்டியே பேசின விவகாரத்துல லீக் பறிச்சுடுச்சு. பிக்குக்குத் தவிச்சுக்கிட்டு இருக்கோம்னு எல்லா டீமுக்கும் தெரியும்

ரகு: அதான் விலையை அடிப்பாங்க. இப்ப அவசரப்பட வேணாம். டிரேட் கடைசி நாள் நவம்பர் 4. சம்பளம் 18 வாரத்துக்குப் பிரிச்சுத்தான் போகுது. அந்த நேரம் வாங்கறவங்க பாதித் தொகை கட்டினாப் போதும், அதனால கேட்கறவங்க கூடுவாங்க. அதுக்குள்ள எட்டு மேட்ச்ல பெனிக்ஸ்கூட எப்படி ஒத்துப்போகுதுன்னும் தெரிஞ்சுடும்

திவ்யா: அதுக்குள்ள திரும்ப முழங்கால் போச்சுன்னா?

ரகு: அந்த ரிஸ்க் இருக்கு, இல்லேன்னு சொல்லல

மீனா: கிளீவ்லண்ட் அவங்க டைட் எண்ட் இன்ஜோக்குவை அப்படித்தான் பிடிச்சு வச்சாங்க. 2020ல அவரே டிரேட் கேட்டார், கொடுக்கல. 2023ல 81 கேட்ச், ப்ரோ பௌல். ஆனா அவர் நடுவுல பிளாக்கிங் கத்துக்கிட்டார். பிட்ஸ் கையை ஊனி நிக்கற ஸ்நாப்பை ட்ரெய்னிங் கேம்ப்ல எண்ணிப் பாருங்க

திவ்யா: சரி, நவம்பர் 4 வரைக்கும் டைம் தர்றேன். கார்த்தி, அந்த 5 டச்டவுனுக்கு பெட் கட்டறியாடா?

கார்த்தி: கட்டறேன். தோத்தா தீபாவளி ஸ்வீட் என் செலவு